கடைசி வீட்டைத் தள்ளிவைத்த கோடு

எங்கள் மாநகராட்சி இணையத்தில் ஒரு வரைபடம் போட்டது. உங்கள் வீட்டை விரலால் தொட்டால் போதும், உங்கள் வார்டில் நடக்கும் திட்டங்கள் எல்லாம் வண்ணப் புள்ளிகளாக எழும்பும். பச்சை என்றால் பூங்கா, நீலம் என்றால் குடிநீர், ஆரஞ்சு என்றால் ஆட்களுக்கான உதவி. புள்ளியைத் தொட்டால் யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதுவரை வரும். ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தோம். முதல் நாள் படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஒருவர் பார்த்தார். பன்னிரண்டாவது வார்டிலிருந்து ஒரு கைப்பேசி, ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. மண்டல அலுவலகத்தில் உதவி மேசை என்று ஒரு பலகை வைத்து அதன் பின்னால் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை தடவை பார்த்தார்கள் என்ற கணக்கு எனக்குத் தெரியும். திருத்தம் கேட்டு வரும் கடிதங்களும் எனக்குத்தான் வரும். அதனால் அந்த மனிதரை நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

கடிதங்கள் இப்படி இருக்கும். "நான்காவது வார்டு குடிநீர்க் குழாய், புள்ளி வைத்த இடத்திலிருந்து மேற்கே முப்பத்திரண்டு அடி ஏழு அங்குலம் தள்ளி இருக்கிறது." இன்னொன்று: "ஒன்பதாவது வார்டு பொம்மை நூலகம் மாடியில் இருக்கிறது. வரைபடம் அதைச் சொல்லவில்லை. படிகள் இருபத்திரண்டு." பேருந்து பிடித்துப் போய், இறங்கி, டேப் வைத்து அளந்து, வீட்டுக்கு வந்து எழுதியிருக்கிறார். வேலை வெட்டி இல்லாத ஆள் என்று நான் சத்தமாகவே சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அங்குலம் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

பதினேழு திருத்தங்கள் அனுப்பினார். நான் மேலாளரோடு போய்ப் பார்த்ததில் பதினேழும் சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதினெட்டாவது திருத்தத்தை நேரில் கொண்டுவந்தார். எழுபது வயது தாண்டிய மெலிந்த மனிதர். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பென்சில், கக்கத்தில் சுருட்டிய டிரேசிங் பேப்பர். மேசை முன்னால் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே காகிதத்தை விரித்தார். தலைப்பு: பதினொன்றாவது, பன்னிரண்டாவது வார்டுகளுக்கு இடையிலான எல்லைக் கோட்டில் பிழை.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். அவருடைய வீடு ஒரு வரிசையின் கடைசி வீடு. வரிசையின் பின்புறமாக எல்லைக் கோடு போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம், வரிசை முழுவதும் பதினொன்று. அந்தப் பக்கம் பன்னிரண்டு. நேராக வந்த கோடு, கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று மடங்கி, அதற்கும் அதற்கு முந்தைய வீட்டுக்கும் நடுவே புகுந்து தெருவில் இறங்கிவிடுகிறது. திரையில் பார்த்தேன். அந்த ஒரு வீட்டை மட்டும் கடித்துத் துப்பிய மாதிரி இருந்தது.

பழைய வரைபடத்தில் ஒரு அங்குலத்துக்கு இருநூறு அடி என்று ஆரம்பித்தார். பேனாக் கோட்டின் கனம் மட்டுமே தரையில் நாலு அடி வரும். அந்த நாலு அடியில் பாதி இந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் விழும். அவருடைய கட்டில் சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கிறது. ஆகவே அவர் சாப்பிடுவதும் குளிப்பதும் வேண்டுமானால் பன்னிரண்டாக இருக்கலாம், படுப்பது பதினொன்றில்தான் என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பதினொன்றில் அப்படி என்னதான் கிடைக்கிறது என்று கேட்டேன். காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நானே திரையில் அந்த வீட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று புள்ளிகள் வந்தன. மரக்கன்று விநியோகம், தெருநாய்களுக்குத் தடுப்பூசி, புதிய சாலை விளக்கு. விரலை ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தி அடுத்த வீட்டைத் தொட்டேன். பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு நடுவே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. பேச்சுத் துணை. தனியாக வசிக்கும் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை, ஒரு மணி நேரம், ஒரு தன்னார்வலர் வந்து பேசிக்கொண்டிருப்பார். சோதனை முறையில் பதினொன்றாவது வார்டில் மட்டும்.

அவருக்கு வேண்டியது கோடு இல்லை, பேச ஒரு ஆள். அதை வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறார். அதற்கு முன்னால் பதினேழு இடங்களுக்குப் பேருந்தில் போய் வந்ததும் குழாயை அளக்க மட்டும் இல்லை என்று அப்போது எனக்கு உறைத்தது. குழாயடியில் நாலு பேர் நின்றிருப்பார்கள். பொம்மை நூலகத்தில் யாராவது "என்ன சார் அளக்கறீங்க" என்று கேட்டிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அங்குலம் என்று பெயர் வைத்த வாய் இதே வாய்தான்.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். நானும் தனி ஆள்தான். ஒற்றை அறை, வாடகை. தட்டைக் கழுவச் சோம்பல்பட்டுப் பாத்திரத்திலிருந்தே நின்றபடி சாப்பிடுகிறவள். வரைபடத்தில் என் வீட்டைத் தொட்டால் மூன்று புள்ளிகள் வரும், மூன்றும் குப்பைத் தொட்டி. அதனால்தானோ என்னவோ அந்தப் பதினெட்டாவது திருத்தத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அசல் வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லி ஆவண அறைக்கு எழுதினேன்.

ஆவண அறையிலிருந்து பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அவர் நாலு தடவை வந்தார். நாலாவது தடவை உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார். மனைவி போய் ஆறு வருடம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், பதினைந்து நிமிடம், அதில் பத்து நிமிடம் பேரன் கேட்காத கேள்விகளுக்கு இவர் பதில் சொல்வார். மற்ற ஆறு நாளும் வீட்டில் ரேடியோ பேசுவதோடு சரி, இவர் குரல் இவருக்கே கேட்பதில்லையாம். ஒரு நாள் பால்காரரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. காலையிலிருந்து, இல்லை, முந்தைய நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை என்று அப்புறம்தான் ஞாபகம் வந்ததாம். அதற்குப் பிறகு தினமும் குளித்ததும் செய்தித்தாளின் தலைப்புகளை உரக்கப் படிக்கிறாராம், தொண்டை துருப்பிடிக்காமல் இருக்க.

பக்கத்து வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் இருக்கார்," என்றார். "பேச்சுவார்த்தை கிடையாது."

ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த மனிதர் காலை ஐந்தரைக்குக் குழாயைத் திறப்பார். மூன்று தடவை இருமுவார். ஆறரைக்கு நாற்காலியை இழுப்பார். போன மாதம் ஒரு நாள் ஐந்தரை ஆகியும் குழாய்ச் சத்தம் இல்லை, இருமலும் இல்லை. இவர் சுவரில் காதை வைத்துக்கொண்டு ஆறு மணி தாண்டியும் நின்றிருக்கிறார். ஆறு ஐந்துக்கு இருமல் கேட்டதும்தான் போய் உட்கார்ந்தாராம். கால் வீங்கிவிட்டது என்றார். பேச்சுவார்த்தை இல்லாத ஆளுக்காக இப்படி நிற்பீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அசல் வரைபடத்தின் நகல் வந்தது. முப்பத்தொரு வருடப் பழசு. இணைய வரைபடத்தில் இருக்கும் அதே கடி அதிலும் இருந்தது. எங்கள் மேல் பிழை இல்லை. அரசாணையையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அதில் "வீடுகளின் பின்புறமாக நேராக" என்றுதான் இருந்தது. யாரோ வரைந்தவர் சொந்தமாக மடக்கியிருக்கிறார். கீழ் மூலையில் "வரைந்தவர்" என்று ஒரு கட்டம், அதற்குள் ஒரு கையெழுத்து. மடிப்பு மடிப்பாக, கோபுரம் மாதிரி மேலே போகும் கையெழுத்து. பதினேழு கடிதங்களில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது.

அவர் வந்ததும் நகலை அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"நீங்க வரைவாளரா இருந்தவர்னு சொல்லவே இல்லையே சார். இந்தக் கோட்டைப் போட்டதே நீங்கதானே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அப்புறம் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய அண்ணன். கூடப் பிறந்தவர். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அம்மா போன பிறகு நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அதுவரை சண்டை இல்லை. மாடிப்படி அண்ணன் பக்கம் விழுந்தது. துணி காயப்போட மாடிக்குப் போய்வரலாம் என்று வாய் வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர், எதுவும் வரிசையாக இருக்க வேண்டும். ஈரத் துணி சொட்டிப் படியில் வழுக்குகிறது என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை, படிக்கதவில் பூட்டுப் போட்டுவிட்டார். இவருடைய மனைவி ஒரு வாளி ஈரத் துணியோடு அந்தக் கதவு முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். துணியை நாற்காலிகளின் மேல் விரித்துப் போட்டார். அதுதான் பொறுக்க முடியவில்லை என்றார் இவர்.

மூன்று மாதம் கழித்து வார்டு எல்லைகளை மாற்றும் வேலை இவருடைய மேசைக்கே வந்தது.

"அவனோட ஒரே பெட்டியில ஓட்டுப் போட எனக்கு இஷ்டமில்லம்மா. அவ்வளவுதான். கோடு நேரா வந்துது. பேனாவை மடக்கிட்டேன். ஏன் மடங்குதுன்னு அதிகாரி கேட்டார். அங்க ஒரு பழைய வடிகால் இருக்குன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டார்."

அண்ணனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அடுத்த தேர்தலில் தெருவே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது, இவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். அண்ணன் வாசலில் நின்று பார்த்தாராம். யார் வேலை என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அன்றோடு ஜாடையாகப் பேசுவதும் நின்றது. இவருடைய மனைவி இறந்த அன்று அண்ணன் வந்தார், தெருவோரமாக நேராக நின்றார், தூக்கும்வரை நின்றார், போய்விட்டார்.

இப்போது கோட்டை நேராக்கச் சொல்லி மனு. எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து வந்தால் நான் கறாராகப் பேசுவேன். வார்டு எல்லையை என் மேசையில் மாற்ற முடியாது, அடுத்த மறுவரையறை வரப் பத்து வருடம் ஆகும் என்றேன். பத்து வருடம் என்றதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் பென்சில் ஒன்று கீழே விழுந்தது. அவர் குனியவில்லை, பார்க்கவும் இல்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவரை அப்படியே அனுப்ப எனக்கு மனம் இல்லை. துணை கேட்கத்தான் பதினொன்றில் இருக்க வேண்டும், துணையாகப் போக எந்த வார்டிலிருந்தும் போகலாம் என்று சொன்னேன். தன்னார்வலர்களுக்குத் தட்டுப்பாடு இருந்தது, அதுவும் உண்மை. அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"எனக்கே ஆள் இல்லைன்னு வந்திருக்கேன். நான் போய் யாருக்குத் துணை இருக்கிறது?"

அந்த நேரத்தில்தான் எனக்கு ட்ரில் மாஸ்டர் என்ற சொல் காதில் மணி அடித்தது. பேச்சுத் துணைக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு ட்ரில் மாஸ்டர் இருந்தார். நாலு மாதமாக இருந்தார். மூன்று தன்னார்வலர்களை அனுப்பினோம், மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தியை முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னாராம். இன்னொருவர் இரண்டு நிமிடம் தாமதமாகப் போனதற்கு வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார். மனுக்களைத் தட்டச்சு செய்வது வேறு ஆள் என்பதால் அவருடைய காகிதத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. கோப்பை எடுத்தேன். முகவரியைப் பார்த்தேன். கடைசிக்கு முந்தைய வீடு.

ஒருவருடைய மனுவை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது என்பது விதி. கோப்பைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தேன்.

எல்லாம் பெரிய, நேரான எழுத்து. ஒரு கட்டத்தில் "அருகில் வசிக்கும் உறவினர் உண்டா" என்று கேள்வி. அதற்கு எதிரே எழுதியிருந்தது: "தம்பி. அடுத்த வீடு. ஆனால் வேறு வார்டு."

அவர் அதைப் படித்தார். நிறைய நேரம் படித்தார். அந்தச் சின்ன வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன்னார்வலர் படிவம் எங்கே என்று கேட்டார்.

படிவத்தை நான் கணினியில் நிரப்பினேன். பெயர், வயது, கண் பார்வை, எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு கட்டம், உங்கள் வீட்டிலிருந்து பயனாளி வீட்டுக்கு உள்ள தூரம். பூஜ்யம் என்று போட்டேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூஜ்யம் தப்பு. நடுவுல சுவர் இருக்கு."

"எவ்வளவுன்னு சொல்லுங்க சார், அதைப் போடறேன்."

"அளக்காம சொல்ல மாட்டேன்."

மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். சரி என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தை நிலுவையில் வைத்து, முதல் சந்திப்புக்கு நாள் குறித்தேன்.

முதல் சந்திப்புக்கு உதவி மேசை ஆளும் கூடப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை நாலு மணி. நான் மூன்றே முக்காலுக்குப் போய்விட்டேன். அவர் தன் வீட்டு வாசலில் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். அடுத்த வாசலுக்குப் போக எட்டு அடி நடந்தால் போதும். அந்த எட்டு அடிக்கு அவர் நாலு மணி அடிக்கும்வரை காத்திருந்தார்.

கதவைத் தட்டினேன். திறந்தவர் அவரைவிடக் கொஞ்சம் உயரம், எழுபத்தாறு வயதுக்கு முதுகு கம்பி மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கையில் எடுத்து, தூர நீட்டி, பெயரிலிருந்து முத்திரைவரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். அந்தப் பெயரை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரிதான் படித்தார்.

"செருப்பை வரிசையா விடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் ஒரு மேசை, ஒரு அலமாரி, ஆணியில் ஒரு விசில். எங்களுக்காக இரண்டு நாற்காலிகள் முன்கூட்டியே போட்டிருந்தார், இடைவெளி அளந்து போட்ட மாதிரி. அவருடைய நாற்காலி மட்டும் பொதுச் சுவரை ஒட்டி இருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன். மழையே பெய்யவில்லை. பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன். பேச்சுத் துணைத் திட்டத்தில் இப்படி ஒரு மயான அமைதியை நான் பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நாலு இருபது, நாலு முப்பது.

பின்பக்கம் மாடிப்படிக் கதவு தெரிந்தது. தாழ்ப்பாள் இருந்தது, பூட்டு இல்லை. பூட்டு தொங்கிய இடத்தில் இருந்த தடத்தின் மேலேயே வண்ணம் அடித்து, அந்த வண்ணமும் மங்கியிருந்தது. எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைத் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பதுக்குத் தம்பி வாயைத் திறந்தார். அண்ணனின் நாற்காலியைக் காட்டி, இங்கேதான் எப்போதும் உட்காருவதா என்று கேட்டார்.

"காது முன்ன மாதிரி இல்ல," என்றார் அண்ணன். "சுவர்ல சாஞ்சாத்தான் உன் ரேடியோ கேக்குது."

தம்பி சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தினமும் நியூஸ் முடியறதுக்குள்ள அணைச்சிடுற. கடைசியில என்ன சொன்னான்னே எனக்குத் தெரியறதில்ல."

தம்பியின் கட்டில் அதே சுவருக்கு அந்தப் பக்கம் அதே இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை பார்க்கிற இடத்தில் அழக் கூடாது என்று மேலாளர் சொல்வார், எனக்கு அது ஒருநாளும் வராது. ஐந்து மணி ஆனதும் அண்ணன் எழுந்து நின்றார். நேரம் முடிந்தது என்று அர்த்தம். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, தம்பி எட்டு அடி நடந்து, தன் கதவைத் திறந்து, விளக்கைப் போடாமலே உள்ளே போனார். நான் பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். ஒரு மணி நேரத்தில் அண்ணனும் தம்பியும் பேசியது ஐந்தாறு வாக்கியம். அடுத்த சந்திப்பு நடக்காது என்றுதான் நினைத்தேன். அன்று நான் தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலை அலுவலகம் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம். தூரத்தை நிரப்ப வேண்டும் என்றார்.

காகிதத்தில் இரண்டு வீட்டின் முகப்பையும் வரைந்திருந்தார். எல்லா அளவும் அடி, அங்குலம். வெளியே தெருப்பக்கம் மொத்த அகலம், உள்ளே இவர் கூடம், உள்ளே அண்ணன் கூடம், ஜன்னல் ஓரங்களில் வெளிச்சுவர்களின் கனம். மொத்தத்தில் மற்றதையெல்லாம் கழித்தால் மிச்சம் நடுச்சுவர். பூச்சோடு சேர்த்துப் பத்தரை அங்குலம்.

ஒரு சுவருக்கு இத்தனை அளவா என்று கேட்டேன்.

"நடுச்சுவரோட கனத்தை ஒரு பக்கமா நின்னு அளக்க முடியாதும்மா. ரெண்டு வீட்டுக்குள்ளயும் போகணும்."

"டேப்போட மறுமுனையை யார் சார் பிடிச்சா?"

அவர் காகிதத்தை நேராக்கி வைத்தார்.

"அண்ணன்தான். எங்க வீட்டுக்குள்ளயும் வந்தார். தொய்வா பிடிக்காதேன்னு என்னைத்தான் திட்டினார்."

கணினியில் அந்தக் கட்டத்தைத் திறந்தேன். பத்தரை அங்குலம் என்று அடித்தால் வாங்கவில்லை. கிலோமீட்டரில்தான் வேண்டுமாம். அவரே மனக்கணக்காக மாற்றிச் சொன்னார், புள்ளிக்குப் பிறகு மூன்று பூஜ்யம், அப்புறம் இருபத்தேழு. அடித்துச் சேமித்தேன். திரை ஒரு கணம் யோசித்துவிட்டு, புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, தூரம் பூஜ்யம் என்று காட்டியது.

மறுபடியும் சண்டைக்கு வரப்போகிறார் என்று தயாரானேன். அவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கி, திரையைக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா," என்றார். "அப்படியே இருக்கட்டும்."